வண்டின் வலப்பக்கம்

என் குறிப்பேட்டில் அந்தப் பதிவு இப்படி இருக்கிறது: "ஐப்பசி, இரண்டாவது செவ்வாய், காலை 11.40. மழை. ஆண் ஒன்று. உறுப்பு பிரித்தெடுக்கப்பட்டது. நுனி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது."

நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது. பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாளும் நேரமும் போடாமல் எனக்கு எதையும் எழுத வராது. பால் பொங்கி வழிந்தால்கூட எத்தனை மணிக்கு என்று கேட்பேன் என்று என் மனைவி சொல்வதுண்டு. அந்தப் பதிவில் நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, மழைகூட இருக்கிறது. எழுத வேண்டிய ஒரு சொல் மட்டும் இல்லை. ஒரு வண்டுக்குப் பெயர் கிடைக்காமல் போனது அந்தச் சொல் இல்லாததால்தான்.

வண்டு என்றால் முதுகு முழுவதையும் மூடிய ஓட்டோடு இருப்பதைத்தான் நாம் நினைப்போம். இந்த வகைக்கு அந்த ஓடு குட்டை. பாதி முதுகோடு நின்றுவிடும். மிச்ச வயிறு வெளியே தெரியும். தொட்டால் பின்பக்கத்தைத் தேள் மாதிரித் தூக்கும், ஆனால் கொட்டாது. ஆங்கிலத்தில் ரோவ் பீட்டில் என்கிறார்கள். தமிழில் இதற்குத் தனிப்பெயர் எதுவும் புழக்கத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் மனைவி 'அரைச்சட்டைப் பூச்சி' என்பாள். அதைவிட நல்ல பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பூச்சிகள் பற்றிய ஒரு பயிலரங்குக்குப் போனேன். நடத்தியவர் சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ஆய்வாளர். என் மகள் வயது இருக்கும். அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். இந்த வண்டுகளை எப்படிச் சேகரிப்பது, எப்படிப் பிரிப்பது, அரை மில்லிமீட்டர் உறுப்பை உடையாமல் எப்படி வெளியே எடுப்பது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தவை. திருமுக்கூடல் ஆற்று மணலில் வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போகும் குப்பைகளைச் சலித்து, சாதாரண வண்டுகள் எத்தனையோ எடுத்துப் பழகினேன். கை நடுங்கவில்லை. அறுபதைத் தாண்டியவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

புரட்டாசியில் மேடம் வனத்துறை அனுமதி வாங்கி ஜவ்வாது மலைக்கு ஒரு குழுவை அழைத்துப் போனார். என்னையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாள். ஓடையோரம் மக்கிக் கிடந்த இலைகளை வாரிச் சலித்து, துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டோம். இலை காயக் காய உள்ளே இருப்பவை ஈரம் தேடி இறங்கிக் கீழே கட்டிய புட்டியில் விழும். அட்டை கடித்த இடம் ஒரு வாரம் அரித்தது. திரும்பும்போது இரண்டு இடங்களின் புட்டிகளை மேடம் என்னிடம் கொடுத்து, "சார், இதை நீங்க பிரிச்சுக் குடுத்தா எனக்குப் பெரிய உதவி" என்றார்.

அந்தப் புட்டிகளில்தான் இது இருந்தது. செம்பழுப்பு உடல், கறுத்த தலை, ஓர் அரிசியின் நீளம். மொத்தம் ஐந்து. நான்கு பெண், ஒன்று ஆண். இந்த வகையில் பெண்களை வைத்து இனம் சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைப் பிரித்தெடுத்து, கிளிசரின் துளியில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் மேலே சொன்ன பதிவை எழுதினேன். அன்று மாலையே மேடத்துக்கு எழுதினேன். இரவுக்குள் பதில் வந்தது. தெற்கே வேறொரு மலைத்தொடரில் இதைப் போலவே ஓர் இனம் இருக்கிறது, எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனால் அதன் நுனி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். உங்களுடையது வலம் என்றால் இது இன்னும் யாரும் விவரிக்காத இனம். படம் வரைந்து, வண்டையும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள், கூரியரில் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

படம் வரைய எனக்கு வராது. பாயைக் கேட்டேன்.

பாய் காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டைக்காரர். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுபவர். பூவோ அன்னமோ யாளியோ, சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்பித் தருவார்; அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டும் அட்டையில் துளை குத்துவார்கள். இப்போது கணினியிலும் செய்கிறார். ஒரு வீட்டுப் பத்திரம் பதிய வந்தபோது பழக்கமானவர். இருபது வருடமாக நானும் அவரும் ஒரே கடையில் டீ குடிக்கிறோம். அவர் போட்ட முந்தானைகள் எத்தனை கல்யாண மேடைகளில் ஏறியிருக்கும் என்று அவருக்கே தெரியாது. சேலையில் கடை பெயர் இருக்கும். சில சமயம் நெய்தவர் பெயரும் வெளியே வரும். டிசைன் போட்டவரை யாரும் கேட்பதில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டு முன்னறையில் நுண்ணோக்கி இருந்தது. பாய் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது? இறகா, காலா?"

சொன்னேன்.

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அஞ்சு வேளை தொழுவுற ஆளுகிட்ட குடுக்குற வேலையா சார் இது?"

"நல்லா கேளுங்க பாய்" என்று உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள். "நான் கேட்டா மட்டும் இவருக்குக் கோவம் வருது."

"அதை வச்சுத்தான் இது இன்ன இனம்னு சொல்ல முடியும் பாய். மூஞ்சி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"மனுசனுக்கு இப்படி ஒரு சட்டம் வராம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

அடுத்து வந்ததை நானாகத்தான் ஆரம்பித்தேன். புது இனத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு மரபு உண்டு. விவரிப்பவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள மாட்டார். உதவியவர் பெயரை வைக்கலாம். வண்டுக்குப் பாயின் பெயரை வைக்கலாமா என்று மேடத்தைக் கேட்டேன். தாராளமாக என்றார். டீக்கடையில் பாயிடம் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஸ்பெல்லிங் கரெக்டா போடச் சொல்லுங்க சார்" என்றார். "ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்குது, ஆதார்ல ஒண்ணு இருக்குது. ஆதார்ல இருக்குறதுதான் சரி."

அந்த வாரமே டீக்கடையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கடைக்காரர், "வண்டு பாய்க்கு ஒரு ஸ்ட்ராங் டீ" என்று கூவினார். பாய் முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை. மருமகனுக்குச் சொல்லிவிட்டார், வேலூரில் இருக்கும் தங்கைக்குச் சொல்லிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. புத்தகம் எப்போது வரும் என்று தங்கை போன் செய்து கேட்டாளாம்.

தீபாவளி நெருக்கம். பாய்க்குக் கடைவேலை தலைக்கு மேல் இருந்தது. மதியம் லுஹர் தொழுகை முடித்துவிட்டு வருவார், பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் வரைவார். சில நாள் வர முடியாது. மேடம் மூன்று முறை நினைவூட்டினார். படம் முடிகிற தறுவாயில் இருக்கிறது, சேர்த்தே கொண்டுவருகிறேன் என்று மூன்று முறையும் எழுதினேன். சென்னை என்ன தூரம்? காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் திரும்பிவிடலாம். நான் போகவில்லை. வண்டை முதலில் கொடுத்துவிட்டால் மேடமே நல்ல கேமராவில் படம் எடுத்துவிடுவார், பாயின் படத்துக்கு வேலை இருக்காது என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உலகத்தில் இன்னும் பெயர் இல்லாத ஒன்று என் மேசை இழுப்பறையில் இருந்தது. தினமும் காலையில் அதைத் திறந்து பார்ப்பேன். அதைக் கைவிட மனம் வரவில்லை.

கார்த்திகை முதல் வாரம் படம் முடிந்தது. கோடு போட்டு நிழல் தராமல், ஆயிரக்கணக்கான புள்ளிகளால் நிழல் கொண்டுவந்திருந்தார். அச்சில் பார்த்த எந்தப் படத்துக்கும் குறைவில்லை. நான் சரிபார்த்தேன். அளவுக்கோடு சரி. மயிர்க்கால்களின் எண்ணிக்கை சரி. மூலையில் தேதி இருந்தது. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கண்ணுக்கு அப்படி ஒரு நிறைவு. ஏன் நிறைவு என்று யோசிக்கவில்லை. ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு மேடம் போன் செய்தார்.

"சார், படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா நுனி நேரா இருக்கே? நீங்க வலதுன்னு எழுதியிருந்தீங்க."

நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். நேராக இருந்தது. இரண்டு பக்கமும், புள்ளிக்குப் புள்ளி, ஒன்றுபோல இருந்தது.

"வலதுதான் மேடம். நான் பார்த்தேன்."

"அப்ப சரி. ஆனா எல்லாமே அந்த நுனியிலதான் இருக்கு சார். தெக்கே இருக்கிற இனத்துக்கும் இதுக்கும் வேற வித்தியாசம் எதுவும் எனக்குக் கிடைக்கல. இனிமே அதைத் தொடாதீங்க. அப்படியே எடுத்துட்டு வாங்க. நாளைக்கே வந்தாலும் நான் இருப்பேன்."

நான் சென்னை பஸ் ஏறவில்லை. ஒலிமுகமதுபேட்டைக்குப் போனேன்.

பாய் வீட்டில் கட்டத்தாளின் மேல் ஒரு மயில் பாதியில் நின்றிருந்தது. ஒரு கண், ஒரு சிறகு, தோகையில் பாதி. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"பாதிதான் சார் போடுவோம்" என்றார் பாய், நான் கேட்டதும். "பாதியைப் போட்டுட்டு, டிரேசிங்கைத் திருப்பிப் போட்டா மீதி தானா வந்துடும். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. கம்ப்யூட்டர்லகூட அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்குது."

"நுனி ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்ததே பாய்?"

"மடங்கிக்கினு இருந்தது. நீங்க ஊசியால எடுக்கும்போது இடிச்சிருக்கும்னு நெனச்சேன். நேராக்கிட்டேன்."

"எந்தப் பக்கம் மடங்கியிருந்தது?"

"பழுதைப் போயி யாராவது ஞாபகம் வச்சிக்குவாங்களா சார்?"

"கேட்டிருக்கலாமே பாய்."

"படத்தை லைட்ல புடிச்சிப் புடிச்சிப் பார்த்தீங்க இல்ல? நீங்களாவது கேட்டிருக்கலாமே."

என் குரல் உயர்ந்தது. "அது பழுது இல்லை பாய். அதுதான் அதோட அடையாளம். அது பிறந்ததே அப்படி."

"உடம்புன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும் சார்."

"உங்க இதயம் எந்தப் பக்கம் இருக்குது?"

பாய் மயிலின் மேல் ஒரு தாளை எடுத்து மூடினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து, "நாளைக்கு வரேன். எங்கண்ணால பார்த்துடறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மேடம் சொன்ன வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் எழுதியது சரி என்று பாயின் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் புதன். அஸர் தொழுதுவிட்டு நாலரைக்குப் பாய் வந்தார். சலாம் சொன்னார், என் மனைவி கொடுத்த டீயைத் தொடவில்லை. நான் கிளிசரின் துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். உறுப்பு ஒருக்களித்துக் கிடந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சாய்வு தெரியாது.

பாய் பார்த்தார். "நேராத்தான சார் இருக்குது."

அவர் கேலியாகச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று கேலியாகக் கேட்டது. மூங்கில் குச்சியில் செருகிய, பூச்சி குத்தும் ஊசியை எடுத்து, துளிக்குள் விட்டு, மெதுவாகப் புரட்டினேன். நூறு முறை செய்த வேலை. ஊசி வழுக்கி நுனியில் பட்டது. சத்தம் எதுவும் இல்லை. அந்தச் சின்னக் கொக்கி மட்டும் தனியாகப் பிரிந்து, துளிக்குள் மிதந்து நின்றது. நான் பதறிப்போய் ஊசியை வெளியே இழுத்தேன். ஊசியோடு அதுவும் போனது.

"இன்னா ஆச்சு சார்?"

"அசையாதீங்க பாய்."

ஊசியைத் துடைக்காமல் ஒரு வெள்ளைத்தாளின் மேல் வைத்தோம். ஊசியில் இல்லை. மேசை விளிம்பில் இல்லை. என் சட்டைக் கையில் இல்லை. மின்விசிறியை நிறுத்தினோம், அது அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாய் டிசைன் பார்க்கும் தன் லென்ஸோடு தரையில் முழங்காலிட்டு, ஒரு சதுரம், அடுத்த சதுரம் என்று தரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே போனார். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்றைத் தேடினோம். என் மனைவி வாசல்படியில் நின்று பார்த்தாள். விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் போனாள். அந்திநேர மஃரிப் தொழுகைக்கு நேரமாகி, பாய் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"சாய்ஞ்சுதான் இருந்தது சார்" என்றார். "புரட்டும்போது ஒரு நிமிசம் பார்த்தேன்."

"எந்தப் பக்கம்?"

கையை ஒரு பக்கம் வளைத்தார். பிறகு மறுபக்கம் வளைத்தார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

மேடத்துக்கு அன்றே எழுதினேன். நடந்ததை வரிசையாக, நேரத்தோடு. அவர் திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த பதிலில் ஒரு கேள்விதான் இருந்தது. நீங்கள் வலப்பக்கம் என்று எழுதியபோது, உறுப்பின் மேற்புறம் உங்களைப் பார்த்திருந்ததா, அடிப்புறமா?

வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஒருவன் மல்லாந்து படுத்தால் அவன் வலக்கை நமக்கு ஒரு பக்கம், குப்புறப் படுத்தால் மறுபக்கம். கிளிசரின் துளிக்குள் அந்த உறுப்பு தானாகவே புரளும். இப்படியும் கிடக்கும், அப்படியும் கிடக்கும். மேற்புறம் பார்த்து வலம் என்றால் புது இனம். அடிப்புறம் பார்த்து வலம் என்றால், உண்மையில் அது இடப்பக்கம். தெற்கே ஏற்கெனவே பெயர் உள்ள பழைய இனம். பயிலரங்கின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இது. எந்தப் புறம் என்று எழுதிவிட்டுத்தான் இடமா வலமா என்று எழுத வேண்டும். நான் மழையை எழுதியிருந்தேன்.

செல்போனை லென்ஸில் வைத்து எடுத்த படங்கள் நான்கு இருந்தன. அடிப்பகுதி தெளிவாக விழுந்தால் நுனி பனிமூட்டம். வலம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் வலம் தெரிந்தது. இடம் என்று நினைத்துப் பார்த்தால் அதுவும் தெரிந்தது. உடைந்த மிச்சத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். மொட்டையாக இருந்தது. அது எதையும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். மழைச்சத்தம் வருகிறது. வரதராஜர் சன்னிதித் தெருப் பக்கமிருந்து ஏதோ மேளம் கேட்டது நினைவு வருகிறது. லென்ஸுக்குள் பார்த்தது மட்டும் வரவில்லை. மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

மார்கழி பிறந்து முதல் வெள்ளியன்று, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பாய் வீட்டுக்கு வந்தார். கையில் சுருட்டிய தாள்கள். மேசையில் விரித்தார். இரண்டு படங்கள். ஒன்றில் நுனி வலப்பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்றில் இடப்பக்கம். முதல் படத்தைவிட நன்றாக இருந்தன.

"இந்தத் தடவை பாதி போடல சார். ரெண்டையும் முழுசா போட்டேன். கண்ணெல்லாம் எரியுது."

"பார்க்காம எப்படி பாய் போட்டீங்க?"

"அடிப்பாகம் மனசுல இருக்குது. நுனியை, நீங்க சொன்னீங்க இல்ல, அந்த வார்த்தையைப் பார்த்துப் போட்டேன். எதுன்னு காட்டுங்க. அதை அனுப்பிடலாம்."

"தெரியல பாய்."

"வலதுன்னு எழுதியிருக்கீங்க இல்ல?"

"எழுதியிருக்கேன். எந்தப் புறம் மேல இருந்ததுன்னு எழுதல."

"அதை இப்ப எழுதிடுங்க."

குறிப்பேடு மேசையில் திறந்தே கிடந்தது. அந்த வரியின் முடிவில் இடம் இருந்தது. அதே பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அதே மைதான் இன்னும். பதிவு அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும், முந்தைய தேதி போட்டுத் தரச் சொல்லி எத்தனை பேர் வந்து நின்றார்கள். அழுதவர்கள் உண்டு. ஒருவருக்கும் போட்டதில்லை. அதை அப்போது நேர்மை என்று நினைத்தேன். அந்தத் தேதிகளில் எனக்கு வேண்டியது எதுவும் இருந்ததில்லை என்பது அந்த மேசையில்தான் உறைத்தது. இப்போது எனக்கு வேண்டியிருந்தது. மேற்புறம். ஒரே ஒரு சொல்.

"யாருக்கு இன்னா கெட்டுது சார்?" பாய் குரலைத் தாழ்த்தினார். "பாதிக்குப் பாதி அதுதான சரியா இருக்கும்? காட்டுல இன்னும் இருக்குது இல்ல. நாளைக்கு எவனாவது போயி புடிச்சாலும் வலதாத்தான் இருக்கும்."

"இடதா இருந்தா?"

பாய் யோசித்தார். "அப்ப எம்பேரு வேணாம். தப்பான பூச்சிக்கு எம்பேரு வச்சான்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. வேற யாரு பேராவது வைக்கச் சொல்லுங்க. அதுக்கு ஒரு பேரு வரட்டும் சார். மலையிலிருந்து தூக்கியாந்து உடைச்சும் போட்டோம், பேருகூட இல்லாம அது இன்னாத்துக்கு மியூசியத்துல போயி படுத்துக்கினு இருக்கணும்?"

உள்ளே குக்கர் கூவியது. என் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"எழுத முடியாது பாய்" என்றேன். "எனக்குத் தெரியல. தெரியலன்னுதான் எழுதணும்."

பாய் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அப்படி வைத்தபோது இரண்டு நுனிகளும் எதிரெதிராகப் பிரிந்து நின்றது மேல்தாள் வழியே மங்கலாகத் தெரிந்தது. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று மாலை மேடத்துக்கு எழுதினேன். இரண்டு வரிகள்.

அடுத்த திங்கள்கிழமை ஐந்து வண்டுகளையும் தனித்தனிப் புட்டிகளில் போட்டு, பஞ்சில் சுற்றி, எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து, காலை ஆறு இருபது பஸ்ஸில் போனேன். மேடம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். உடைந்ததை நெடுநேரம் பார்த்தார். "நீங்க தெரியலன்னு எழுதினது நல்லது சார்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. மலை அனுமதி அந்த ஒரு தடவைக்குத்தான். அடுத்த வருடம் அவருக்கு வேறு வேலை, வேறு பூச்சி. யாராவது எப்போதாவது அந்த ஓடைக்குப் போகக்கூடும், அப்போது ஓர் ஆண் கிடைக்கக்கூடும் என்றார். அந்தச் சரிவில் பாதை அகலப்படுத்துகிறார்கள் என்று மலையில் கேள்விப்பட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கும். புட்டிகளுக்குச் சீட்டு எழுதினார். இடம், நாள், சேகரித்தவர் எல்லாம் எழுதியபின், உடைந்த ஆணுக்கு மட்டும் இன்னொரு சீட்டு எழுதி உள்ளே போட்டார். அதை என் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டேன்.

திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்கும்போது பாய் போன் செய்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"குடுத்துட்டீங்களா சார்?"

"குடுத்துட்டேன் பாய்."

"உடைஞ்சதையுமா?"

"அதையும்தான். தனியா ஒரு சீட்டு எழுதிப் போட்டாங்க."

"இன்னா எழுதினாங்க?"

குறிப்பேட்டைப் பிரித்து வாசித்தேன். "ஆண், ஒன்று. நுனி இல்லை. சாய்ந்த பக்கம் தெரியவில்லை. இனம் தீர்மானிக்கப்படவில்லை."

"இன்னொரு தடவை படிங்க சார்" என்றார். "இப்போதைக்கு அதுக்குப் பேரு அதுதான."

படித்தேன்.